தமிழ் வகுப்புக்கு வரும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் தயங்கும் ஆசிரியரும்: முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களில், இளையவர்களுக்குக் கைகொடுக்கும் பொறுப்பில் இருக்கும் மூத்த ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜனவரியில் பள்ளி திறக்கிறது. காதுக் கருவி மாட்டிய ஒரு பையனோ, சக்கர நாற்காலியில் ஒரு சிறுமியோ தமிழ் வகுப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டாம் நாளே இளைய ஆசிரியர் வந்து நிற்கிறார்: "அம்மா, தமிழ் விருப்பப் பாடம்தானே? இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்னு வீட்டுல சொல்லிடலாமா?"

அந்தக் கேள்வி எழுந்த நாளிலிருந்து, பிள்ளை அந்த வகுப்பில் ஓர் ஆளாக நிலைபெறும் நாள்வரை என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி.

வரிசைதான் இதில் முக்கியம். நாம் பெரும்பாலும் முதலில் அறிவுரை சொல்கிறோம், ஆசிரியரின் மனம் மாறும் என்று காத்திருக்கிறோம், மாறிய பிறகு வகுப்பில் வேலை தொடங்கும் என்று நம்புகிறோம். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த தாமஸ் கஸ்கி 1986-லேயே இதைத் தலைகீழாகக் காட்டினார். ஆசிரியர் முதலில் தம் வகுப்பில் ஒன்றை மாற்றிச் செய்கிறார், பிள்ளையிடம் பலன் தெரிகிறது, அதன் பிறகே நம்பிக்கை மாறுகிறது. என் அனுபவமும் அதுவேதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளையின் பெயர், வகுப்பு, முதன்மை வகுப்பாசிரியர் யார் என்ற விவரம். தமிழ் வகுப்பு எந்த அறையில், எந்த மணிக்கு நடக்கிறது என்ற நேர அட்டவணை. ஒரு சிறிய நோட்டு, தடித்த கறுப்பு மார்க்கர், பளபளப்பில்லாத வெள்ளை அட்டை. தலைமை ஆசிரியரின் சம்மதம், அதுவும் வாய்ச் சம்மதமாக இல்லாமல், முதல் இரண்டு வாரம் நீங்கள் அந்த வகுப்பில் உட்கார அனுமதியாக. இந்தக் கடைசி ஒன்று இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். பாதியில் உங்களை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டால், அந்த ஆசிரியர் தனியாக மாட்டிக்கொள்வார். பிறகு யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

மருத்துவ அறிக்கை இருந்தால் நல்லது. வரும்வரை காத்திருக்காதீர்கள். வாரங்கள் ஓடிவிடும்.

1. முதலில் காது கொடுங்கள்

ஆசிரியரைத் தனியாக உட்காரவைத்து, "இந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் எது கஷ்டமாக இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளடக்கிய கல்வி, அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிப்பது, நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் ஆசிரியர்கள் நல்லது என்றே சொல்வார்கள். ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியெரி என்ற இரு ஆய்வாளர்கள் 10,560 ஆசிரியர்களின் பதில்களைத் தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் கொள்கையை ஆதரித்தார்கள். ஆனால் அதற்கான நேரமும் திறமையும் பயிற்சியும் வசதியும் தமக்கு இருப்பதாக நம்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆகவே உங்கள் எதிரே இருப்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயப்படுகிறார். பயத்துக்கு அறநெறி உபதேசம் செய்தால் அவர் பயத்தை மறைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, எல்லா ஆசிரியர்களையும் கூட்டி வினாத்தாள் கொடுப்பது. மேலிடத்துக்குப் போகும் தாள் என்று தெரிந்தால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

2. தயக்கத்தின் வகையைப் பிரித்தறியுங்கள்

நோட்டில் எழுதியதை அன்றிரவே திரும்பப் படியுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: எனக்குப் பயிற்சி இல்லை, மற்ற பிள்ளைகளின் நேரம் போகும், தொடக்கப் பள்ளி முடிவில் வரும் கிரேடு 6 தேர்வில் என் வகுப்பின் தேர்ச்சி குறையும், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்மேல் பழி, கத்தினால், அடித்தால் என்ன செய்வேன்.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பழிக்குப் பயப்படுபவருக்குப் பயிற்சிப் பட்டறை உதவாது. தலைமை ஆசிரியர் "பொறுப்பு நம் எல்லோருடையதும்" என்று அவர் முன்னால் சொல்ல வேண்டும். நேரத்துக்குப் பயப்படுபவருக்கு, கூடுதல் தயாரிப்பு பத்து நிமிடத்துக்குள் அடங்கும் என்று செய்து காட்ட வேண்டும். குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து ஆசிரியரின் மனநிலை பெரிதும் மாறும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நடக்க முடியாத, பார்வை குறைந்த பிள்ளைகளை ஏற்பவர்கள்கூட நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளை என்றால் பின்வாங்குவார்கள். அப்படிப்பட்ட பிள்ளை என்றால் நீங்கள் வகுப்பில் உட்காரும் நாட்களைக் கூட்டுங்கள்.

சிலர் சட்டத்தைக் கொண்டுவருவார்கள்: "அரசாங்கமே தனிப் பள்ளிகள் வைத்திருக்கிறதே?" உண்மைதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2010-இல் ஏற்றபோது, உள்ளடக்கிய கல்வியைச் சிறப்புக் கல்வியோடு சேர்த்துப் படிப்படியாகக் கொண்டுவருவதாகவே மொரீஷியஸ் தனிக்குறிப்பு, அதாவது விலக்கு நிபந்தனை, வைத்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிறப்புக் கல்வித் தேவைகள் ஆணையமும் அமைந்தது. இரண்டு வழிகளும் இந்த நாட்டில் உண்டு. ஆனால் உங்கள் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளை உங்கள் வழியில் வந்துவிட்டது. விவாதத்தை அத்தோடு முடித்து அடுத்த படிக்குப் போங்கள்.

3. "பாவம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்

இதைத் தனிப் படியாக வைக்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆசிரியர் பேசும்போது எத்தனை முறை "ஐயோ, பாவம்" வருகிறது என்று பாருங்கள். பிள்ளையை "அவன்", "அவள்" என்கிறாரா, "அது", "இது" என்கிறாரா என்றும் பாருங்கள்.

தைப்பூசத்தன்று கோயிலில் அதே பிள்ளையின் தலையைத் தடவித் திருநீறு பூசிவிடும் ஆசிரியர்தான், திங்கட்கிழமை வகுப்பில் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் விடுகிறார். அன்பில் குறையில்லை. பாவம் என்று நினைத்துவிட்டதால் எதிர்பார்ப்பு போய்விட்டது. எதிர்பார்ப்பு போனால் கேள்வி போகும், கேள்வி போனால் பிள்ளை கற்பது நிற்கும்.

திருத்தப் போகாதீர்கள். "அப்படிச் சொல்லக் கூடாது" என்றால் உங்கள் முன்னால் மட்டும் சொல்லமாட்டார். நோட்டில் குறித்துவையுங்கள். ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவைக்கும் பயிற்சியையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் இருட்டில் தடுமாறியவர், பார்வையற்றவரின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தடுமாற்றம்தான் என்று நினைத்துக்கொள்கிறார். பல ஆண்டுகள் பழகிய ஒருவரின் திறமை அந்த ஐந்து நிமிடத்தில் தெரியாது. அப்படி ஒரு பயிற்சி முடிந்து வெளியே வந்த ஆசிரியர்கள் முன்பைவிட அதிகமாகப் பாவப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

4. கோப்புக்கு முன் பிள்ளையைச் சந்திக்கவையுங்கள்

ஆசிரியர் அறிக்கையைப் படிப்பதற்கு முன்பே பிள்ளையோடு பத்து நிமிடம் இருக்க வேண்டும். இடைவேளையில், விளையாட்டுத் திடலில், வகுப்புக்கு வெளியே. அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான், யாரோடு ரொட்டியைப் பகிர்கிறான் என்று தெரிந்தபின் அறிக்கையைக் கொடுங்கள். முதலில் நோயின் பெயரைப் படித்தவர் அந்தப் பெயரைத்தான் வகுப்பில் தேடுவார்.

பெற்றோரையும் இந்த வாரத்திலேயே பாருங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: வீட்டில் அவன் தானாகச் செய்வது என்ன? பதற்றமானால் எப்படி அமைதியாகிறான்? ஆசிரியரும் கூடவே இருந்து கேட்கட்டும். தாய் சொல்லும் ஒரு சின்ன விஷயம் ஆசிரியரின் பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

5. தமிழ் வகுப்பின் வசதியை எடுத்துச் சொல்லுங்கள்

இங்கே நம்மிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கிரேடு 1-க்கு வரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழில் அம்மம்மாவின் சில சொற்களும் கோயில் பாட்டும்தான் தெரியும். அதனால் தமிழ் எழுத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பிரெஞ்சிலோ கணக்கிலோ பின்தங்கிவிட்டதாகப் பெயர் வாங்கிய பிள்ளைக்கு, தமிழ் வகுப்பில் அந்தப் பெயர் இன்னும் ஒட்டவில்லை. பல பள்ளிகளில் நம் வகுப்பு சிறியதும்கூட.

ஆனாலும் நேர நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது நம் பாடம்தான். "அவனுக்கு எதற்குத் தமிழ்" என்று ஒரு பிள்ளையை விலக்கினால், கோயிலில் தன் அண்ணன் பாடும் பாட்டும், பாட்டி வாசிக்கும் எழுத்தும் அவனுக்கு மட்டும் மூடப்படுகின்றன. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடிந்ததில்லை.

6. ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

பத்து மாற்றங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் ஆசிரியர் ஒன்றையும் செய்யமாட்டார். ஒன்று போதும். அது பத்துப் பள்ளி நாட்களுக்குள் கண்ணுக்குத் தெரியும் பலன் தர வேண்டும். தன் கையாலேயே ஒன்று நடந்ததைப் பார்ப்பதுபோல ஆசிரியரின் தன்னம்பிக்கையை உயர்த்துவது வேறில்லை.

பார்வை குறைந்த பிள்ளைக்கு: நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது ஒரு சிறுமியை முதல் பெஞ்சில் உட்காரவைத்தேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவள் எழுதிய "பட்டம்" எப்போதும் "படடம" என்றே இருந்தது. வாரக்கணக்கில் சிவப்பு மை போட்டேன். ஒருநாள் தடித்த மார்க்கரால் அட்டையில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். அட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். விரலால் மெய்யெழுத்தின் தலையைத் தொட்டு, "மிஸ், இங்கே ஒரு புள்ளி இருக்கு" என்றாள். அதுவரை அவளுக்குப் புள்ளி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பலகையில் நான் வைத்த புள்ளிகள் எதுவும் அவளை எட்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்பு மையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஆகவே புள்ளியைப் பெரிதாக வையுங்கள். கெ, கே கொம்புகளின் சுழியை அகலமாக எழுதுங்கள். ன, ண இரண்டையும் அடுத்தடுத்து அட்டையில் கொடுத்துச் சுழிகளை எண்ணவையுங்கள்.

காது கேளாத, அல்லது குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு: பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். இந்த ஒன்றை மாற்றினாலே போதும். காதுக் கருவி ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் நன்றாக வேலை செய்யும். திறந்த ஜன்னல் வழியாக வரும் திடல் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ப, ம இரண்டும் ஒன்றுதான். கண்ணாடி முன் நின்று "பாலை", "மாலை" என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரி அசையும். ககரமோ தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது. அதனால் சொல்லோடு படமும் எழுத்தும் சேர்ந்தே வர வேண்டும். இந்தக் கண்ணாடிச் சோதனையை ஆசிரியரையே செய்யச் சொல்லுங்கள். ஒரு மணி நேரச் சொற்பொழிவு புரியவைக்காததை இது புரியவைக்கும்.

கை ஒத்துழைக்காத பிள்ளைக்கு: அ-வில் தொடங்காதீர்கள். ட, ப இரண்டும் நேர்கோடுகள், ம-வில் ஒரு வளைவுதான் கூடும். அவற்றில் தொடங்கினால் முதல் வாரமே "படம்" எழுதிவிடுவான். எழுதவே முடியாவிட்டால் எழுத்து அட்டையைச் சுட்டிக்காட்டட்டும். எழுத்தறிவு வேறு, கையெழுத்து வேறு. நம்மில் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறோம்.

மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு: பாடம் அதே பாடம், அளவு மட்டும் குறைவு. மற்றவர்களுக்கு இருபது சொல் என்றால் அவனுக்கு ஐந்து. முதல் சொல் அவன் பெயராக இருக்கட்டும்.

7. அறை மாறும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

பெரும்பாலான தகராறுகள் பாடத்தில் நடப்பதில்லை, மணி அடித்த அந்த ஐந்து நிமிடத்தில் நடக்கின்றன. மொழிப் பாட நேரம் வந்ததும் ஒரே வகுப்பு இந்தி, தமிழ், தெலுங்கு, உருது, கிரியோல் என்று பிரிந்து ஆளுக்கொரு அறைக்கு ஓடுகிறது. சத்தம், தள்ளுமுள்ளு, புது இடம். ஆட்டிசம் உள்ள பிள்ளை அங்கேயே கலங்கிவிடுகிறான். கலங்கியபடி தமிழ் அறைக்கு வருகிறான். தமிழ் ஆசிரியர் அவனை எப்போதும் அந்த நிலையில்தான் பார்க்கிறார். "அவன் எப்பவும் இப்படித்தான்" என்ற முடிவு அங்கே பிறக்கிறது.

செய்ய வேண்டியது: மணிக்குச் சில நிமிடம் முன்பே முதன்மை வகுப்பாசிரியர் அவனிடம் ஒரு அட்டையைக் கொடுக்கட்டும். அதில் விளக்கின் படமோ மயிலின் படமோ, தமிழ் வகுப்புக்கு அடையாளமாக எப்போதும் ஒரே படம். கூட்டம் கிளம்பும் முன் ஒரு தோழனோடு அவன் புறப்படட்டும். தமிழ் அறையில் அவன் இடம் மாறக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் எப்போதும் ஒரே பாட்டு. புயல் எச்சரிக்கையால் பள்ளி மூடித் திரும்பத் திறக்கும் நாளில் இதெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆசிரியரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "எல்லாம் வீணாகிவிட்டது" என்று அன்று அவர் சோர்ந்துவிடாமல் இருக்க.

8. உள்ளே உட்காருங்கள், கையை எடுங்கள்

முதல் மூன்று நாள் நீங்கள் பிள்ளையின் பக்கத்தில். அடுத்த மூன்று நாள் அறையின் பின்புறம். பிறகு கதவோரம். பிறகு இல்லை. உங்கள் வேலை பிள்ளைக்குப் பாடம் நடத்துவது அல்ல. அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவன் உங்கள் பிள்ளையாகிவிடுவான், ஆசிரியர் விலகிவிடுவார். உதவி ஆள் வந்த வகுப்புகளிலும் இதே விபத்துதான்: ஆசிரியர் உதவியாளரிடம் பேசுகிறார், உதவியாளர் பிள்ளையிடம் பேசுகிறார். தினமும் ஒரு கேள்வியாவது ஆசிரியரே பிள்ளையைப் பெயர் சொல்லி நேராகக் கேட்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்ற பிள்ளைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆசிரியர் அவனிடம் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே அவர்களும் பேசுவார்கள். அவர்கள் "ஏன் அவனுக்கு மட்டும் பெரிய எழுத்து?" என்று கேட்டால், "அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்" என்ற ஒரு வரி போதும்.

9. பத்தாம் நாள் நோட்டைத் திறங்கள்

முதல் நாள் அவர் சொன்னதை அவரிடமே படிக்கக் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்தில், இந்தப் பத்து நாளில் பிள்ளை செய்ததைத் தேதியோடு எழுதி வைத்திருங்கள்: ஐந்தாம் நாள் தன் பெயரின் முதல் எழுத்தைக் காட்டினான், எட்டாம் நாள் பாட்டில் ஒரு அடி பாடினான். அளக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை.

ஓர் ஆசிரியர் இப்படித் தம் வார்த்தையைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா, நான் 'அது'ன்னு சொன்னேனா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பட்டறைகளில் பேசிப் பேசி ஆகாதது அந்த ஒரு பக்கத்தில் ஆனது.

பலன் தெரியாவிட்டால்? மாற்றம் தவறு என்று பொருள், பிள்ளையோ ஆசிரியரோ தவறு என்று பொருளில்லை. ஆறாம் படிக்குத் திரும்பி வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி வேண்டும் என்று ஆசிரியர் தாமாகவே கேட்டால் அதுதான் பட்டறைக்கு அனுப்பும் நேரம். ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் கல்வியியல் நிறுவனத்திலோ, மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலோ பயின்றவர்களுக்குக்கூட, கையில் ஒரு பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டு போகும்போது கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

10. கிரேடு 6 தேர்வை முன்கூட்டியே பேசுங்கள்

தேர்ச்சி விகிதப் பயம் கிரேடு 5-லேயே தொடங்கிவிடும். மொரீஷியஸ் தேர்வு வாரியம் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைச் செய்கிறது. பள்ளிதான் உரிய காலத்தில் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்த் தாளையும் மறக்காமல் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். முதன்மைப் பாடங்களுக்கு மட்டும் எழுதிவிட்டு நம் தாளை விட்டுவிடுவது நடக்கிறது. தேர்வில் பெரிய எழுத்துத் தாள் வரப்போகிறது என்றால் வகுப்புத் தேர்வுகளும் அந்த அளவிலேயே நடக்க வேண்டும். புது வடிவத்தைத் தேர்வு நாளில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை தடுமாறுவான்.

11. ஆண்டு முடிவில் ஒப்படையுங்கள்

அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வருவார். ஒரே ஒரு தாள் எழுதுங்கள்; நீங்கள் வேண்டாம், இந்த ஆண்டு தயங்கித் தொடங்கிய அந்த ஆசிரியரே எழுதட்டும். நோயின் பெயர் கடைசி வரியில். மேலே இவை: அவனால் தானாக முடிவது, எங்கே உட்காருகிறான், எந்த அட்டை, எந்தப் பாட்டு, பதற்றமானால் என்ன செய்வது, இந்த ஆண்டு கற்ற சொற்கள்.

தாளைக் கோப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பள்ளி மூடும் முன் இரு ஆசிரியர்களையும் பிள்ளையோடு ஒரே அறையில் உட்காரவையுங்கள். பழைய ஆசிரியர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, கற்றதில் ஒரு சொல்லைப் புதியவர் முன்னால் எழுதச் சொல்லட்டும். மார்க்கரையும் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.